பட்டியலும் சாவியும்: அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் வீடின்மை வரலாறு

1932 ஜூலை 28 மாலை. வாஷிங்டன் நகரின் பென்சில்வேனியா சாலையில் குதிரைப்படை முன்செல்ல, காலாட்படையும் சில டாங்கிகளும் பின்தொடர்ந்தன. நடத்திச் சென்றவர் தரைப்படைத் தலைமைத் தளபதி டக்ளஸ் மெக்ஆர்தர். எதிரில் நின்றோர் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு அதே கொடியின்கீழ் பிரான்சின் பதுங்குகுழிகளில் போரிட்டவர்கள். அவர்களுடன் மனைவியரும் குழந்தைகளும் இருந்தனர். அன்று பகலில் காவலரின் துப்பாக்கிச்சூட்டுக்கு ஆளான முன்னாள் வீரர் இருவர் உயிரிழந்தனர். அன்றிரவு அனகோஸ்டியா ஆற்றின் மறுகரைச் சதுப்புவெளியில் பழைய பலகையும் தகரமும் கொண்டு எழுப்பப்பட்டிருந்த குடிசைகள் அனைத்தும் எரிந்தன.

அவர்கள் கேட்டது புதிய சலுகை அன்று. 1924ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, உள்நாட்டில் பணியாற்றிய ஒவ்வொரு நாளுக்கும் 1 டாலர், கடல்கடந்து பணியாற்றிய ஒவ்வொரு நாளுக்கும் 1.25 டாலர் என்று போர்க்கால ஈட்டுத்தொகையைக் கணக்கிட்டுச் சான்றிதழ் வழங்கியிருந்தது. தொகை கைக்கு வரும் ஆண்டோ 1945. இடையில் 1929இன் பொருளாதார வீழ்ச்சி வந்தது, வேலை போயிற்று, வாடகை கட்ட இயலாமல் வீடும் போயிற்று. ஒரேகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரிலிருந்து வால்டர் வாட்டர்ஸ் என்ற முன்னாள் சார்ஜன்ட்டின் தலைமையில் ஒரு குழு சரக்கு ரயில்களில் ஏறித் தலைநகர் நோக்கிப் புறப்பட்டது. பிற மாநிலத்தவரும் சேர, ஏறத்தாழ 17,000 முன்னாள் வீரர்களும், குடும்பத்தினரும் ஆதரவாளரும் உள்ளிட்டு 43,000 பேர் அளவிலும் திரண்டனர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. ஈட்டுத்தொகையை உடனே வழங்கும் மசோதா ஜூன் 15 அன்று கீழவையில் நிறைவேறியது. ஜூன் 17 அன்று செனட் அதனை 62க்கு 18 என்ற வாக்கில் தள்ளியது.

அம்முகாம் ஒழுங்கற்ற கூட்டமாக இருக்கவில்லை. தெருக்கள் வகுக்கப்பட்டிருந்தன. உள்ளே தங்க விரும்புவோர் படையிலிருந்து முறையாக விடுவிக்கப்பட்டதற்கான சான்றினைக் காட்டிப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். படைப்பிரிவுகளே நிறவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்த காலத்தில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் அங்கு அடுத்தடுத்த குடிசைகளில் வாழ்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் உண்மையான வீரர்களே அல்லர், கலகக்காரர்கள் என்று அரசுத் தரப்பு கூறியது. ஆனால் முன்னாள் படைவீரர் நிர்வாகம் தானே நடத்திய ஆய்வு, அவர்களுள் 94 விழுக்காட்டினருக்குப் படைப்பணி ஆவணம் இருப்பதையும் 67 விழுக்காட்டினர் கடல்கடந்து பணியாற்றியதையும் காட்டியது.

ஆக, 1932இல் வீடற்ற வீரர்களின் பெயர்ப் பதிவேடு இருந்தது. அவர்கள் யார், எங்குப் பணியாற்றினர் என்பதும் தெரிந்திருந்தது. கொடுப்பதற்கு வீடோ, வீட்டு வாடகைக்கான தொகையோ மட்டும் இருக்கவில்லை. பின்வந்த தொண்ணூறு ஆண்டுகளின் வரலாற்றை இந்த இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்த கதையாகவும், சேராமற்போன கதையாகவும் வாசிக்க முடியும். துன்புறுபவரைப் பெயரால் அறிவது ஒன்று. அவர் கையில் ஒரு வீட்டின் சாவியைத் தருவது மற்றொன்று.

சொற்கள் குற்றமான விதம்

போரிலிருந்து திரும்பியவன் தெருவில் நிற்பது அனகோஸ்டியாவில் தொடங்கியதன்று. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின் சொற்களே இதற்குச் சான்று. படைவீரரின் நெடிய கால்நடைப் பயணத்தைக் குறிக்க அப்போரில் வழங்கிய சொற்களுள் ஒன்று ‘டிராம்ப்’. 1873இன் நிதி நெருக்கடிக்குப் பிறகு, வேலை தேடி இருப்புப்பாதை வழியே ஊர் ஊராக அலைந்த ஆண்களுக்குப் பத்திரிகைகள் அச்சொல்லையே பெயராக்கின. 1864இல் ஜெனரல் ஷெர்மனின் படையில் உணவு தேடிச் சூறையாடியவர்களை ‘பம்மர்’ என்றனர். சோம்பித் திரிபவனைக் குறிக்கும் ‘பம்’ என்ற அமெரிக்கச் சொல் அதனோடு உறவுடையது என்பது அகராதியாளர் கருத்து. 1876இல் நியூ ஜெர்சி மாநிலம் அலைந்து திரிவோருக்கு எதிரான சட்டத்தை இயற்ற, பிற மாநிலங்கள் அதனைப் பின்பற்றின. வீரன் செய்த செயலின் பெயர் பத்தாண்டுகளுக்குள் குற்றவாளியின் பெயராயிற்று.

இதே காலத்தில் அரசு மற்றொரு கதவையும் திறந்தது. ஊனமுற்ற தொண்டர் படைவீரர்களுக்கான தேசிய இல்லத்தை நிறுவும் சட்டத்தில் 1865 மார்ச் 3 அன்று ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். 1866இல் மெயின் மாநிலத்தின் டோகஸ் என்னுமிடத்தில் முதல் இல்லம் இயங்கத் தொடங்கியது. பின்னர் நாட்டின் பல பகுதிகளில் இத்தகைய இல்லங்கள் எழுந்தன. 1888இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் மேற்கே சில நூறு ஏக்கர் நிலம் இதற்கெனவே தானமாக வழங்கப்பட்டது. அந்த நிலத்தின் கதை இக்கட்டுரையின் இறுதியில் மீண்டும் வரும்.

காலை இழந்தவனுக்கு இல்லம். வேலையை இழந்தவனுக்குச் சிறை. உதவிக்குத் தகுதியானவர், தகாதவர் என்ற இப்பிரிவினை பின்வந்த எல்லாத் திட்டங்களிலும் ஏதேனும் ஒரு வடிவில் தொடர்ந்தது.

வீட்டையே தந்த சட்டம்

அனகோஸ்டியாவின் தீ அரசியலில் மறக்கப்படவில்லை. 1936 ஜனவரியில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் மறுப்பாணையையும் மீறி நாடாளுமன்றம் ஈட்டுத்தொகையை வழங்கச் செய்தது. இரண்டாம் உலகப்போர் முடியும் முன்பே, 1944 ஜூன் 22 அன்று, ‘ஜி.ஐ. சட்டம்’ என்று பரவலாக அறியப்படும் படைவீரர் மறுவாழ்வுச் சட்டம் கையெழுத்தாயிற்று. கல்விக் கட்டணம், வேலையில்லாக் காலத்துக்கு வார உதவித்தொகை, வீடு வாங்க அரசு உத்தரவாதத்துடன் கடன் ஆகியவற்றை அது உரிமையாக்கியது. முதல் உலகப்போரின் வீரர்கள் தெருவில் நின்றதைப் போல இலட்சக்கணக்கானோர் மீண்டும் நிற்கவில்லை. பெருந்திரளான மக்களின் வீட்டுத்தேவையை அரசு தீர்க்க இயலும் என்பதற்கு அமெரிக்க வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று அரிது.

ஆனால் கடனைத் தந்தவை தனியார் வங்கிகள். உத்தரவாதம் மட்டுமே அரசினுடையது. கறுப்பினத்தவருக்கு வங்கி கடன் மறுத்தால் உத்தரவாதம் வெற்றுத்தாள். 1947இல் மிசிசிப்பி மாநிலத்தில் இச்சட்டத்தின்கீழ் வீடு, தொழில், பண்ணை ஆகியவற்றுக்கு உத்தரவாதம் பெற்ற 3,229 கடன்களுள் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டு. ஒரு தலைமுறை வெள்ளைக் குடும்பங்கள் சொந்த வீட்டினால் சேர்த்த செல்வம் மற்றோரிடம் சேரவில்லை. இன்று வீடற்ற முன்னாள் வீரர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பினத்தவர். மொத்த முன்னாள் வீரர் தொகையில் அவர்களின் பங்கு இதில் பாதிக்கும் குறைவு. இந்த இடைவெளியின் வேர்களுள் ஒன்று அந்த வங்கி முகப்புகளில் இருக்கிறது.

மூன்று நாள் கூடாரம்

1970களின் இறுதியில் வீடின்மை மீண்டும் அமெரிக்க நகரத் தெருக்களில் கண்கூடானது. இதற்குக் காரணம் ஒன்றன்று. ஒற்றை அறை வாடகை விடுதிகள் நகர மையங்களில் இடிக்கப்பட்டன. மனநல மருத்துவமனைகள் நோயாளிகளை வெளியே அனுப்பின; அவர்களை ஏற்பதற்கு ஊர்களில் வாக்களிக்கப்பட்ட ஏற்பாடுகள் போதிய அளவில் உருவாகவில்லை. தொழிற்சாலை வேலைகள் குறைந்தன. 1980களில் புதிய அரசு வீட்டுவசதிக்கான ஒதுக்கீடு பெரிதும் வெட்டப்பட்டது. வியட்நாம் போரிலிருந்து திரும்பியோர் வேலைச்சந்தைக்குள் நுழைந்த காலமும் இதுவே.

1988 கோடையில் சான் டியாகோ நகரில் வியட்நாம் போர் வீரர்கள் சிலர் ஒரு திடலில் கூடாரம் அடித்து, வீடற்ற தோழர்களை மூன்று நாள் தங்க அழைத்தனர். குளியல், உணவு, மாற்றுடை, பல் மருத்துவம், சட்ட உதவி ஆகிய அனைத்தும் ஒரே இடத்தில் கிடைத்தன. மறு ஆண்டு நீதிபதி ஒருவரே அங்கு வந்து, தெருவில் உறங்கியது போன்ற சிறு வழக்குகளை முடித்து வைத்தார். ‘ஸ்டாண்ட் டவுன்’ என்று அந்நிகழ்வுக்குப் பெயர். போர்முனையிலிருந்து சற்றுப் பின்வாங்கி இளைப்பாறும் இடைவேளை என்பது அப்படைச்சொல்லின் பொருள். நாடெங்கும் நகரங்கள் இதனைப் பின்பற்றின.

இம்முயற்சியின் ஈகை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. எனினும் மூன்றாம் நாள் மாலையில் கூடாரம் அவிழ்க்கப்படும். வந்தவர் வந்த தெருவுக்கே திரும்புவார். இடைவேளை என்ற பெயர் மிகச் சரியாகவே பொருந்தியது.

கூட்டாட்சி அரசின் அளவிலும் நிலை இதற்கு வேறாக இல்லை. 1987 ஜூலை 22 அன்று சட்டமான மெக்கின்னி சட்டம், வீடற்றோருக்கு உதவும் முதல் பெரிய தேசியச் சட்டம். அதன் நிதியால் காப்பகங்கள் பெருகின. ஒவ்வொரு காப்பகத்துக்கும் தனி விதி, தனிக் காத்திருப்பு வரிசை, தனிப் படிவம். குடி நீங்கினால்தான் இங்கே இடம். மருந்து உட்கொண்டால்தான் அங்கே இடம். ஆண்களுக்கு ஒரு கட்டடம், பெண்களுக்கு வேறு கட்டடம். பதின்வயது மகனைப் பெண்கள் காப்பகம் ஏற்காததால் தாயும் மகனும் பிரிந்து உறங்கிய குடும்பங்கள் உண்டு. படிப்படியாக ஒழுக்கத்தை நிரூபித்து இறுதிப்படியில் வீட்டைப் பெற வேண்டும் என்பதே அன்றைய கொள்கை. மிக நலிந்தவர்கள் முதற்படியிலேயே விழுந்தனர். அமைப்புகள் பலவாக இருந்தபோதும் அவற்றை இணைக்கும் முறை இல்லை.

இரண்டு கண்டுபிடிப்புகள்

1990களில் இரு ஆய்வுகள் இந்நிலையை அசைத்தன. நியூயார்க், பிலடெல்பியா நகரங்களின் காப்பகப் பதிவுகளை டென்னிஸ் கல்ஹேன் என்ற ஆய்வாளர் தம் சகாவுடன் ஆராய்ந்து 1998இல் முடிவுகளை வெளியிட்டார். காப்பகம் வந்த தனியாட்களுள் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் குறுகிய காலத்தில் வெளியேறி, பெரும்பாலும் திரும்பாதவர்கள். ஏறத்தாழ 10 விழுக்காட்டினர் மட்டுமே ஆண்டுக்கணக்கில் தங்கினர்; மொத்தக் காப்பக நாள்களில் பாதியை அவர்களே பயன்படுத்தினர். வீடின்மை என்பது பெரும்பாலோருக்கு ஒரு நெருக்கடிக் காலம்; ஒருவகை மனிதரின் இயல்பு அன்று. ஆங்கிலத்தில் ‘வீடற்றோர்’ என்ற தொகுதிப்பெயரை விடுத்து ‘வீடின்மைக்கு உள்ளானவர்’ என்று எழுதும் வழக்கம் பின்னாளில் பரவியது. அதனை மரியாதைக்கான மாற்றமாக மட்டும் கருதுவோர் உளர். இத்தரவுகளோ அது பொருளளவிலும் துல்லியமான சொல் என்பதைக் காட்டின.

மற்றொன்று நியூயார்க்கில் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் 1992இல் தொடங்கிய முயற்சி. தெருவில் நெடுநாள் வாழ்ந்த மனநோயாளிகளுக்கு முன்நிபந்தனை ஏதுமின்றி முதலில் வாடகை வீடு. சிகிச்சை அதன் பிறகு, அவர்கள் விருப்பப்படி. 2000இல் வெளிவந்த முடிவின்படி, ஐந்தாண்டுகளுக்குப் பின் இத்திட்டத்தினருள் 88 விழுக்காட்டினர் வீட்டிலேயே நிலைத்திருந்தனர். நகரின் படிமுறை அமைப்பில் அது 47 விழுக்காடு. படிக்கட்டின் உச்சியில் வைத்திருந்த வீட்டை முதற்படிக்குக் கொண்டுவந்தால் மனிதர் தங்கிவிடுகின்றனர் என்பது தெளிவாயிற்று.

ஒரே பட்டியல்

இவ்விரண்டையும் தேசிய அளவில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு முன்னாள் வீரர்கள் வழியாகவே வந்தது. 2009 நவம்பரில் அத்துறையின் செயலாளர் எரிக் ஷின்செகி, ஐந்து ஆண்டுகளில் வீரர்களின் வீடின்மைக்கு முடிவு காண்போம் என்று அறிவித்தார். அவர் வியட்நாமில் காலின் ஒரு பகுதியை இழந்த படைத்தளபதி. 2010 ஜூனில் வீடின்மையைத் தடுத்து முடிவுக்குக் கொண்டுவரும் கூட்டாட்சித் திட்டம் வெளியாயிற்று.

அறிவிப்பின் பின்னே பணம் இருந்தது என்பதுதான் இங்கு முக்கியமானது. 1992இல் சிறிய அளவில் தொடங்கி நின்றுபோன வாடகை மானியச் சீட்டுத் திட்டம் 2008 முதல் உயிர்பெற்றது. சீட்டை வைத்திருப்பவர் தம் வருமானத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை வாடகையாகத் தருவார். எஞ்சியதை வீட்டுவசதித் துறை செலுத்தும். உடன் ஒரு சமூகப் பணியாளரை முன்னாள் படைவீரர் துறை அனுப்பும். காலப்போக்கில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் ஒதுக்கப்பட்டன. அத்தகைய நீண்டகால மானியம் தேவைப்படாத வீரர் குடும்பங்களுக்கு முன்பணம், நிலுவை வாடகை, வீடு மாறும் செலவு ஆகியவற்றைத் தரும் மற்றொரு திட்டம் 2011இல் தொடங்கியது. வெளியேற்றப்படும் நிலையில் இருக்கும் குடும்பம் தெருவுக்கு வரும் முன்பே தடுப்பதும் அதன் பணியாயிற்று.

பணம் வந்தபின் முறை மாறியது. ஊர்தோறும் இயங்கிய அமைப்புகள் தத்தம் வரிசைகளைக் கைவிட்டு ஒரே பட்டியலை உருவாக்கின. நாள்தோறும் புதுப்பிக்கப்படும் பெயர்ப்பட்டியல் அது. யார், எங்கு உறங்குகிறார், எவ்வளவு காலமாக, உடல்நிலை எத்தகையது, எந்தத் திட்டத்துக்குத் தகுதியுடையவர், எந்த ஆவணம் குறைகிறது என்பன அதில் இருக்கும். எந்தக் கதவைத் தட்டினாலும் அதே பட்டியலில் பெயர் ஏறும். வாரந்தோறும் எல்லா அமைப்பினரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து ஒவ்வொரு பெயராக எடுத்துப் பேசுவர். முதலில் வந்தவருக்கு முதலில் என்ற விதி நீங்கி, மிக நலிந்தவருக்கு முதலில் என்ற விதி வந்தது. அமைப்பு நூற்றுக்கணக்கானோரை எண்ணிக்கையாகப் பாராமல், பெயருடைய ஒருவருக்கு இந்த வாரம் என்ன தடை என்று கேட்கத் தொடங்கியது.

ஹூஸ்டன் நகரம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 2011இல் அப்பகுதியில் ஓரிரவில் எண்ணப்பட்ட வீடற்றோர் ஏறத்தாழ 8,500 பேர். அக்காலத்தில் ஒரு வீடற்ற வீரர் தெருவிலிருந்து வீட்டுக்குச் செல்ல 76 அலுவலகப் படிகளைக் கடக்க வேண்டியிருந்தது. காத்திருப்பு 720 நாள்கள். மேயர் அன்னிஸ் பார்க்கரின் காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் ஒரே திட்டத்தின்கீழ் வந்தன. தேவையற்ற படிகள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன. வீட்டு உரிமையாளர்களுடன் முன்கூட்டியே பேசி வீடுகள் தயாராக வைக்கப்பட்டன. பத்தாண்டுகளுக்குப் பின் அதே காத்திருப்பு 32 நாள்களாகச் சுருங்கியிருந்தது. மூன்று ஆண்டுகளில் 3,600க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு வீடு தந்ததாக 2015 ஜூனில் நகரம் அறிவித்தது. அதற்கு முன்பே, அவ்வாண்டு ஜனவரியில், நியூ ஆர்லியன்ஸ் மேயர் மிட்ச் லாண்ட்ரியூ தம் நகரில் 227 வீரர்களுக்கு வீடு கிடைத்ததாகக் கூறி இலக்கை எட்டியதாக அறிவித்திருந்தார். 2015 நவம்பரில் வர்ஜீனியா இவ்வாறு அறிவித்த முதல் மாநிலமாயிற்று.

ஹூஸ்டனின் வெற்றியில் திறமைக்கு நிகராக மற்றொன்றும் பங்காற்றியது. அங்கு வாடகை ஒப்பீட்டளவில் குறைவு. காலியான வீடுகள் இருந்தன. பட்டியலில் இருந்த பெயருக்கு எதிரே எழுத ஒரு முகவரி கிடைத்தது.

‘முடிவு’ என்ற சொல்

அப்படியானால் 2015க்குப் பிறகு ஹூஸ்டன் தெருவில் ஒரு வீரர்கூட உறங்கவில்லையா? உறங்கினர். ‘முடிவு’ என்பதற்கு அதிகாரிகள் தந்த வரையறை வேறு. ஊரிலுள்ள வீடற்ற வீரர் அனைவரும் பெயரால் அறியப்பட்டிருக்க வேண்டும். விரும்புவோருக்கு உடனே தங்குமிடம் தரப்பட வேண்டும். புதிதாக வீடிழப்போரைவிட வீடு பெறுவோர் மிகுந்திருக்க வேண்டும். நிலையான வீட்டுக்குச் செல்ல ஆகும் சராசரிக் காலம் 90 நாள்களுக்குள் இருக்க வேண்டும். இதனை நடைமுறைச் சுழியம் என்றனர். வீடின்மை நேர்ந்தால் அரிதாகவும் சுருக்கமாகவும் ஒருமுறை மட்டுமேயும் நேர வேண்டும் என்பது இலக்கு.

இதனைச் சொல் விளையாட்டு என்று குறைகூறியோர் பலர். பாலத்தின் அடியில் உறங்குபவர் கண்ணெதிரே இருக்கையில் முடிந்தது என்று அறிவிப்பது மக்களின் நம்பிக்கையைக் குலைக்கும் என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தில் நியாயம் உண்டு. எனினும் நோய் அறவே இல்லாத ஊர் கிடையாது. நோயுற்றவர் மருத்துவமனைக் கதவில் மாண்டுபோகாத ஊர் உண்டு. இரண்டாவதையே இவ்வரையறை அளக்க முயன்றது. குறை வரையறையில் இல்லை. அதனை விழா மேடையில் ‘முடிவு’ என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருக்கியதில் இருந்தது.

எண்ணிக்கை சொல்வது இது: 2010 ஜனவரியின் ஓரிரவுக் கணக்கில் வீடற்ற முன்னாள் வீரர்கள் 74,087 பேர். 2024 ஜனவரியில் 32,882 பேர். ஐந்தாண்டு வாக்குறுதி நிறைவேறவில்லை. ஆனால் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. அதே 2024இல் நாட்டின் மொத்த வீடற்றோர் எண்ணிக்கை 7,71,480 ஆக, கணக்கெடுப்புத் தொடங்கியதிலிருந்து மிக உயர்ந்த அளவை எட்டியது. எல்லாம் ஏறிய ஆண்டிலும் வீரர்களின் எண்ணிக்கை மட்டும் இறங்கிற்று.

குடும்பங்களுக்குக் கிடைத்த பாதி

வீரர்களிடம் வென்ற முறை குழந்தைகளுடைய குடும்பங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. 2009இல் இயற்றப்பட்ட சட்டம் வீடிழந்த குடும்பம் 30 நாள்களுக்குள் நிலையான வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதைத் தேசிய இலக்காக்கியது. அதே ஆண்டு 150 கோடி டாலர் வீடின்மைத் தடுப்புக்கும் விரைவு மறுகுடியமர்த்தலுக்கும் ஒதுக்கப்பட்டது. ஒருங்கிணைந்த பட்டியலும் வந்தது. ஆனால் வீரர்களுக்கென ஒதுக்கியதுபோல் வாடகைச் சீட்டுகள் குடும்பங்களுக்கு வரவில்லை.

இந்த வேறுபாட்டின் விளைவை அளந்த ஆய்வு ஒன்று உண்டு. 2010 முதல் 2012 வரை 12 ஊர்களின் காப்பகங்களிலிருந்த 2,282 குடும்பங்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவுக்கு நீண்டகால வாடகை மானியச் சீட்டு. ஒரு பிரிவுக்குச் சில மாத வாடகை உதவி. ஒரு பிரிவுக்குச் சேவைகளுடன் கூடிய இடைக்காலத் தங்குமனை. எஞ்சியோருக்கு வழக்கமான காப்பகம். நீண்டகாலச் சீட்டுப் பெற்ற குடும்பங்களிடையே வீடின்மை வழக்கமான பிரிவினரைவிடப் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. அத்துடன் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படுவதும் பள்ளி மாறுவதும் குறைந்தன, இல்ல வன்முறை குறைந்தது, பட்டினி குறைந்தது. இவற்றுள் எதற்கும் தனித்திட்டம் தரப்படவில்லை. கொடுத்தது வாடகை மட்டுமே. குறுகிய கால உதவி மலிவாக இருந்தது. ஆனால் வழக்கமான காப்பகத்தைவிடப் பெரிதும் மேலான விளைவைத் தரவில்லை.

முடிவு தெளிவாக இருந்தும் கொள்கை அதன்வழிச் செல்லவில்லை. அமெரிக்காவில் கூட்டாட்சி வாடகை உதவி உரிமை அன்று; தகுதியுடைய ஏழைக் குடும்பங்களுள் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கே அது கிடைக்கிறது. எஞ்சிய மூவர் வரிசையில் நிற்கின்றனர். பெருந்தொற்றுக் கால நிதியுதவியால் இறங்கியிருந்த குடும்பங்களின் எண்ணிக்கை, அந்நிதி நின்று வாடகை ஏறியபின், 2023க்கும் 2024க்கும் இடையிலான ஓராண்டில் மட்டும் 39 விழுக்காடு உயர்ந்தது. புகலிடம் தேடிப் பெருநகரங்களுக்கு வந்த குடும்பங்களின் வருகையும் ஹவாயின் மாவி தீவைச் சூறையாடிய காட்டுத்தீயும் அவ்வுயர்வில் பங்குபெற்றன. குழந்தைகளுடன் வீடிழந்து நின்றோர் 2,59,000க்கும் மேற்பட்டோர். 2010இன் அளவையும் இது தாண்டியது.

பட்டியல் இரு தரப்புக்கும் ஒன்றே. வாரக்கூட்டமும் படிவமும் ஒன்றே. ஒரு தரப்பில் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. மறு தரப்பில் பழைய இடத்துக்கே மீண்டு மேலும் ஏறியது. சாவி இல்லாத பட்டியல், திருத்தமாக எழுதப்பட்ட காத்திருப்பு வரிசையாகவே எஞ்சுகிறது. முறையின் பயன் இதனால் பொய்யாகிவிடாது; இருக்கும் சாவிகள் வீணாகாமல் உரியவர் கைக்கு விரைந்து செல்வதே முறையின் பயன். இல்லாத சாவியை எந்த முறையாலும் உருவாக்க முடியாது.

1888இன் நிலம்

வீரர்களின் கதையும் முற்றிலும் நிறைவுற்றதன்று. லாஸ் ஏஞ்சலிஸின் மேற்கே 1888இல் வீரர் இல்லத்துக்கெனத் தானமாகப் பெற்ற நிலம் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான வீரர்களுக்கு இருப்பிடமாக விளங்கியது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடியிருப்புகள் மூடப்பட்டன. நிலத்தின் பகுதிகள் பல்கலைக்கழகமொன்றின் பேஸ்பால் மைதானத்துக்கும், தனியார் பள்ளியின் விளையாட்டுத் திடலுக்கும் பிறவற்றுக்கும் குத்தகைக்கு விடப்பட்டன. அதன் வேலிக்கு வெளியே, நடைபாதையில், பெருந்தொற்றுக் காலத்தில் வீடற்ற வீரர்கள் தேசியக் கொடிகளைக் கட்டிய கூடாரங்களில் வரிசையாக வாழ்ந்தனர். 2011இல் தொடுத்த வழக்கு 2015இல் சமரசமாக முடிந்து, அந்நிலத்தில் 1,200 வீடுகள் கட்டத் திட்டம் வகுக்கப்பட்டது. கட்டுமானம் ஆண்டுக்கணக்கில் பின்தங்கியது.

வினோதமான தடை ஒன்றும் இருந்தது. போரில் பெற்ற ஊனத்துக்கு அரசு தரும் இழப்பீடு வருமானமாகக் கணக்கிடப்பட்டதால், மிகுதியாக ஊனமுற்ற வீரர் சிலர் வறியோருக்கான வீட்டுக்குத் தகுதி இழந்தனர். 2024 ஆகஸ்டில்தான் வீட்டுவசதித் துறை அவ்விதியைத் திருத்தியது. அடுத்த மாதம் கூட்டாட்சி நீதிமன்றம், அந்நிலத்தை முன்னாள் படைவீரர் துறை அதன் நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தியதாகக் கண்டு, மேலும் 1,800 நிரந்தர வீடுகளையும் 750 தற்காலிகக் குடியிருப்புகளையும் அமைக்க ஆணையிட்டது. வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது.

அவ்வாண்டின் ஜூன் 28 அன்று வேறொரு தீர்ப்பும் வந்திருந்தது. ஒரேகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் என்ற சிறு நகரம் தொடர்பான வழக்கில், பொதுவிடத்தில் உறங்குவோருக்கு, செல்ல வேறிடம் இல்லாதபோதும், நகரங்கள் தண்டனை விதிப்பது அரசமைப்புக்கு முரணன்று என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் கூறியது. தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வால்டர் வாட்டர்ஸின் குழு சரக்கு ரயிலேறிய மாநிலமும் ஒரேகனே. இன்று ஒரு நகரத்தின் முன் 1876இன் வழியும் 1944இன் வழியும் ஒருங்கே திறந்திருக்கின்றன. எதற்கு எவ்வளவு செலவாகும், எதனால் என்ன விளையும் என்பதற்கான சான்றுகள், அனகோஸ்டியாவில் தீ வைத்தவர்களுக்குக் கிட்டாத அளவில், இப்போது எல்லோர் கையிலும் இருக்கின்றன.